பாத்துக்கலாம்

ஜூன் 12, வியாழன்

மரத்துக்குப் பாவாடை தைக்க வேண்டுமாம். இன்று காலை அமெரிக்காவிலிருந்து படத்தோடு கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ட்ரீ ஸ்கர்ட்' என்றுதான் போட்டிருக்கிறது, நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

கரூரில் இந்த ஏற்றுமதிக் கம்பெனிக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. வெளிநாட்டுக்காரர்களோடு மெயில் போக்குவரத்து முழுக்க என் பொறுப்பு. அடுப்புக் கையுறை, பாத்திரம் துடைக்கிற துண்டு, நாற்காலிக்குத் திண்டு என்று அவர்கள் வீட்டுச் சமாச்சாரமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் பாத்திரம் துடைக்கிற துண்டு நம் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கிற துண்டை விட நன்றாக இருக்கும். ஆனால் மரம் எதற்குப் பாவாடை கட்ட வேண்டும்?

முதலாளி செங்கோட்டுவேல் சாரிடம் கேட்டேன். அது எதுக்காச்சும் இருந்துட்டுப் போகுது, பீஸுக்கு என்ன வரும்னு பார் என்றார். தையல் பகுதித் தலைவி ஜெசிந்தா கிறிஸ்தவப் பெண் ஆயிற்றே, அவளுக்குத் தெரியும் என்று கீழே இறங்கிப் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாங்க குடில் வைப்போம், ஸ்டார் கட்டுவோம். மரத்துக்கெல்லாம் துணி கட்டுனதில்லீங்க்கா" என்றாள். ஏதோ நான் அவள் குடும்பத்தைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி.

ஜூன் 14, சனி

பொறுக்க முடியாமல் சரக்கு வாங்குகிற அமெரிக்க அம்மாவிடமே மெயிலில் கேட்டுவிட்டேன். பெயர் டயேன். நான்கு வருஷமாக எழுதிக்கொள்கிறோம், முகம் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில் இரும்புத் தாங்கி இருக்குமாம், அது தெரியாமல் மறைக்கத் துணி. உதிர்கிற ஊசியிலைகளும் அதிலேயே விழுந்துவிடும். பரிசுப் பொருள்களை அதன்மேல் வைப்பார்களாம். "எங்கள் வீட்டில் பூனைதான் அதன்மேல் படுத்துக்கிடக்கும்" என்று முடித்திருந்தார்.

ஒரு மாதத்துக்கு மட்டும் விரிக்கிற துணிக்கு ஓரத்தில் இரண்டு வரிசைத் தையல் கேட்கிறார்கள். பூனைக்கு யோகம்தான்.

ஜூன் 23, திங்கள்

சாம்பிள் பாவாடைக்கு ஜெசிந்தா இடுப்புப் பட்டி வைத்து நாடா கோத்துவிட்டாள். பிரித்தாயிற்று.

ஜூலை 9, புதன்

ஆர்டர் உறுதியானது. சிவப்பில் வெள்ளைப் பனிப்பூ. தீபாவளி வரைக்கும் மூச்சுவிட நேரமில்லாத வேலை.

ஜெசிந்தா மதியம் மாடிக்கு வந்தாள். ஆண்டாங்கோவில் பக்கம் ஒரு பெட்ஷீட் கம்பெனி, உள்நாட்டுக்கு மட்டும் தைக்கிறது. அவளுடைய நாற்பது பேர் கூட்டத்தையும் மொத்தமாகக் கூப்பிடுகிறார்களாம். கூலி கொஞ்சம் கூடுதல். போகலாமா, இருக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், போனஸ் வந்ததும் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறாளாம். ஆர்டரைக் காட்டினேன். எக்ஸ்போர்ட்டை விட்டுவிட்டு யாராவது பெட்ஷீட்டுக்குப் போவார்களா என்று சிரித்தேன். இரு என்றேன். சரிங்க்கா என்று இறங்கிப் போய்விட்டாள். கூட்டமும் இருந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

ஜெர்மனிக்காரர் ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். முதலாளி வழக்கம்போல, "பார்க்கலாம்னு எழுதும்மா" என்றார்.

இந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, அதில் சரி உண்டு, முடியாது உண்டு, அப்புறம் பேசலாம் உண்டு, ஆளை விடு உண்டு. சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாக்கியம். அதையெல்லாம் நான் அஞ்சறைப்பெட்டி மாதிரி பிரித்து வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் கடுகுக்குப் பதில் சீரகம் வராது. முதலாளியின் முகத்தில் இன்று இருந்தது 'முடியாது'. 'வி வில் சீ' என்று எழுதினேன். ஜெர்மனிக்காரர் புரிந்துகொண்டார்.

ஜூலை 31, வியாழன்

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா இருபத்தைந்து சதவீத வரி போடுகிறது. நேற்று ராத்திரியே செய்தி வந்துவிட்டதாம், எனக்குக் கம்பெனி வேனில் ஏறின பிறகுதான் தெரியும். கம்பெனியில் எல்லோரும் ஃபோனும் கையுமாக இருந்தார்கள். முதலாளி மட்டும் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 2, சனி

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த வரியை யார் கட்டுவது?

என் வீட்டுக்காரர் குணசீலன் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். பஸ்ஸுக்கு வரி இல்லை என்பதால் அவருக்கு இதில் எல்லாம் தெளிவு. நம்மிடம்தான் பிடுங்குவான், வேறு யார் தருவார்கள் என்றார். ஆடிட்டரிடம் ஃபோனில் கேட்டேன். சரக்கை இறக்குகிறவர்தான் அந்தத் துறைமுகத்தில் கட்ட வேண்டும், நமக்குச் சம்பந்தமே இல்லை என்றார். அப்படியானால் நாம் ஏன் சார் பயப்படுகிறோம் என்றேன். "அவன் கட்டிட்டு நம்மகிட்டத்தானம்மா வருவான்" என்றார். தூத்துக்குடி கப்பல் ஏஜென்டைக் கேட்டால், கடையில் விலையை ஏற்றி அந்த ஊர் ஜனங்களிடம் வாங்கிவிடுவார்கள் என்கிறார்.

மூன்று பேரிடம் கேட்டால் மூன்று ஆள் கட்டுகிறார்கள். ஜெசிந்தாவையும் கேட்டேன். பாபின் மாட்டிக்கொண்டே, "யாருக்கு எதுத்துப் பேச வாயில்லையோ அவங்க கட்டுவாங்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்னொரு இருபத்தைந்து. மொத்தம் ஐம்பது. இருபத்தேழாம் தேதியிலிருந்து அமல். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாம். எண்ணெய்க்கும் மரத்துப் பாவாடைக்கும் என்ன உறவு என்று குணசீலனிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றுதான் என்றார். தெரியாததற்கு அவர் சொல்கிற பதில் இது.

ஆகஸ்ட் 11, திங்கள்

டயேன் அம்மாவின் கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டது. ரத்து இல்லை, நிறுத்தம். பாதிக்கு மேல் தைத்தாகிவிட்டது. வெட்டிய துணி மேஜைமேல் சிவப்பாகக் குவிந்து கிடக்கிறது.

இதில் உள்ள கஷ்டம் என்னவென்றால், துண்டு என்றால் வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம். இதை யாரிடம் விற்பது? கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, மரத்துக்குப் பாவாடை வாங்கலையோ என்று கூவ முடியுமா? டிசம்பர் போய்விட்டால் அமெரிக்காவிலேயே சீந்த மாட்டார்கள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது ஜெசிந்தா, "நாளைக்கு வரட்டுங்களாக்கா?" என்றாள். வா என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதலாளிகள் எல்லாம் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒருத்தரும் விலையைக் குறைக்கக் கூடாது, ஒருத்தர் குறைத்தால் எல்லோர் கழுத்துக்கும் கத்தி என்று முடிவாம். நம்மவர் எழுந்து நின்று முதல் ஆளாகச் சம்மதம் சொன்னாராம். அவரைக் கூட்டிப்போன டிரைவர் சொன்னார்.

பெட்ஷீட் கம்பெனியில் ஆள் நிரம்பிவிட்டதாம். இதையும் டிரைவர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. சரி, கேட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

தையல் மிஷின்களுக்கு உறை போட்டு மூடியிருக்கிறது. பெண்கள் வந்து, தைத்ததையே மறுபடி எடுத்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி கீழே வரவே இல்லை. திங்கள் முதல் பாதிப் பேர் வந்தால் போதும் என்று மேனேஜர் சொல்லப்போவதாகப் பேச்சு. எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சிரிக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

டயேன் அம்மாவிடமிருந்து மெயில். நீளமானது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் குறைத்தால் மீதிச் சுமையை நாங்கள் தாங்கி, நிறுத்தத்தை நீக்குகிறோம். இல்லையென்றால் அடுத்த வருஷ வேலை எல்லாம் கராச்சிக்குப் போய்விடும், அங்கே வரி குறைவு. இரண்டு நாளில் பதில் வேண்டும். கடைசியில் ஒரு வரி, என் மேலதிகாரி காத்திருக்கிறார், எனக்கும் வேறு வழியில்லை என்று. நான்கு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி எழுதியது பூனையும் இதுவும்தான்.

மெயிலை முதலாளிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாகக் கீழே தையல் பகுதியைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டே, "பாத்துக்கலாம்னு எழுதிப் போட்டுரும்மா" என்றார்.

ஐந்தில் ஒன்று என்றால் நமக்கு நஷ்டம்தானே சார் என்றேன். ஃபோனில் யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். கையைக் காட்டினார், போ என்று.

எழுதினேன். 'வி வில் டேக் கேர் ஆஃப் இட்.' மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

வரும்போது அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், நன்றி என்று டயேன் அம்மாவின் மெயில், கூடவே குறைத்த விலையில் புது ஆர்டர். நிறுத்தம் நீங்கியது. மெயிலின் முடிவில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தார். முன்பு போட்டதில்லை.

முதலாளி சேலம் போயிருந்தார். ஆர்டர் வந்துவிட்டது, தையலைத் தொடங்குங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். விலை குறைந்ததைச் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. சொல்லவேண்டியதை முதலாளியிடம்தானே சொல்ல வேண்டும். உறைகளை எல்லாம் உருவியதும், பதினோரு மணிக்கு மிஷின் சத்தம் மாடிப்படி ஏறி வந்தது. ஏழு வருஷமாகத் தலைவலி என்று நான் திட்டின சத்தம்.

ஆகஸ்ட் 20, புதன்

முதலாளி கூப்பிட்டார். புது ஆர்டரின் காகிதம் அவர் முன்னால் இருந்தது. ஆங்கிலம் அவருக்கு மட்டுமட்டு, விலை எண்ணைப் படிக்க ஆங்கிலம் வேண்டாமே. கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் பார்க்கலாம்னுதானம்மா சொன்னேன்?"

"இல்லீங்க சார். பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான."

"தமிழ்ல ஒண்ணுதானுங்க சார்."

ஆங்கிலத்தில் அது சம்மதம் மாதிரி ஆகிவிட்டது, அவசரத்தில் எழுதிவிட்டேன், வேண்டுமானால் தவறு என்று இப்போதே மெயில் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் மறுபடி கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். ஜெசிந்தா ஒரு பெண்ணின் தலைக்குமேல் குனிந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தாள். "மிஷின ஓட விட்டுட்டயே" என்றார் மெதுவாக. பிறகு, சரி போய் வேலையைப் பார் என்றுவிட்டார்.

நான் வெளியே வந்து என் இடத்தில் உட்காருவதற்குள் ஏற்றுமதியாளர் சங்கத்து ஆள் யாருக்கோ ஃபோன் போட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "நம்ம புள்ள இங்கிலீசுல மாத்தி எழுதிப் போட்டுதுங்க. நான் என்னங்க பண்றது, எழுத்துல போயிருச்சுங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாகத்தான் பேசினார். ஆனால் டீ வந்தபோது முழுவதையும் குடித்தார், பிஸ்கட்டும் தின்றார். பத்து நாளாக டீயைத் தொடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. எப்போதும் 'பார்க்கலாம்' என்கிறவர் அன்றைக்கு மட்டும் ஏன் அந்த வார்த்தையைச் சொன்னார்? கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. அவர் திருப்பி என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்பதால் விட்டுவிட்டேன். நான் அவசரத்தில் எழுதினேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. ஐம்பது சதவீதமும் இன்றுதான் அமலுக்கு வந்தது. காலையில் கம்பெனிப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்துவிட்டு மதியமே பேக்கிங். லீவு எடுக்கிறேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. கதவைப் பூட்டி முத்திரை வைத்தபோது பெண்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பனியே பார்க்காத ஊரிலிருந்து இவ்வளவு பனிப்பூ போகிறது. ஒருத்தி, "அந்தப் பூனைக்குன்னு ஒண்ணு தனியா குடுத்திருக்கலாம்க்கா" என்றாள். பூனைக் கதை கம்பெனி முழுக்கத் தெரியும். என் வாயால்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஊரில் எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. 'பாத்துக்கலாம் பிரமிளா'. குணசீலன் பட்டறையில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஒரே ஒரு மெயிலில் முதலாளியைக் கவிழ்த்தவள் என்று பேசிக்கொள்கிறார்களாம். உண்மையிலேயே தெரியாமல்தான் எழுதினாயா என்று கேட்டார். சாம்பார் தீய்கிற வாசனை வந்ததால் உள்ளே போய்விட்டேன்.

விலையைக் குறைக்க மறுத்த இரண்டு கம்பெனிகளில் தையல் பகுதியைப் பூட்டிவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி நிம்மதிப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. வரி கட்டி எடுத்துவிட்டோம் என்று மெயில் வந்தது. எழுதியவர் வேறு யாரோ ஒரு ஆண். டயேன் அம்மா எங்கே என்று கேட்டேன். செலவுக் குறைப்பில் அவர் பிரிவையே கலைத்துவிட்டார்களாம். அவருடைய சொந்த முகவரி கிடைக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

போனஸ் அறிவித்தார்கள். போன வருஷம் இருபது சதவீதம். இந்த வருஷம் சட்டம் சொல்கிற குறைந்தபட்சம் மட்டும், பாதி கூட இல்லை. முதலாளி தானே கீழே இறங்கி வந்து நிலைமையைச் சொன்னார். குறைத்த விலைக்குச் சரக்கை அனுப்பியதில் கையைக் கடித்துவிட்டது, தொழிலை மூடாமல் வைத்திருப்பதே பெரிது என்றார். பொய் இல்லை. அவர் புதுக் கார் வாங்குவதைத் தள்ளிப் போட்டிருக்கிறார், அதுவும் உண்மை. பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

வரியை யார் கட்டுவது என்று எனக்கு ஆகஸ்டில் இருந்த சந்தேகம் தீர்ந்தது. இப்படித் தீர்ந்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 15, புதன்

மதியம் டிரைவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஆண்டாங்கோவில் பெட்ஷீட் கம்பெனியில் இருபது சதவீதம் போனஸ், கூடவே ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். உள்நாட்டு வியாபாரத்துக்கு வரியாவது ஒன்றாவது. இதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார் என்று நினைத்தேன். வேனில் ஏறியதுமே எல்லோருக்கும் தெரிந்திருப்பது தெரிந்துவிட்டது.

ஜெசிந்தா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைப் பற்றிக் கேட்கலாமா என்று இருந்தது. அவளே சொன்னாள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகள் சொல்லிவிட்டாளாம். வேன் பசுபதிபாளையம் திரும்பியபோது, என் முகத்தைப் பார்க்காமல், முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட, கொறைச்சுத் தர்றோம்னு சொன்னது யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்க்கா."

என் வாய் சும்மா இருக்குமா. "தெரிஞ்சா என்ன பண்ணுவே?" என்றேன்.

"என்ன பண்றது. அவங்க சொல்லாம இருந்தா ஆகஸ்ட்லயே எங்களைத் தொரத்தியிருப்பாங்க. அது தெரியாமயா இருக்கோம்." பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "ஆனா நாப்பது பேரு இருக்கறோமல்லக்கா. கையில இருந்து போறது எங்களுது. இந்த மாதிரி ஆகும், இருக்கறீங்களா, வேற எடம் பாக்கறீங்களான்னு ஒரு வார்த்தை எங்களையும் கேட்டிருக்கலாம்."

அவள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. எழுந்தவள் நின்றாள். பின்னால் இருந்தவர்களும் இறங்காமல் நின்றார்கள். மெயிலில் எழுதவென்று நான் பிரித்து வைத்திருக்கிற ஆங்கில வாக்கியங்களில் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"கேட்டிருக்கணும்" என்றேன்.